வெட்டுத்துணியில் ஓர் ஊர்

திண்டுக்கல்
14.10.2024

மதிப்பிற்குரிய ஜப்பார் பாய் அவர்களுக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. நீங்களும் என்னைப் பார்த்திருக்க வழியில்லை. மாதம் ஒருமுறை உங்கள் பேகம்பூர் தையற்கடைக்கு வந்து வெட்டுத்துணி மூட்டையை வாங்கிப்போகும் அய்யம்மாளை உங்களுக்குத் தெரியும். எங்கள் மடத்தின் வாசலைப் பார்த்துக்கொள்பவர். அந்த மூட்டை வந்து சேரும் இடத்தில் இருப்பவள் நான். பெயர் ஆனந்தமேரி.

எங்கள் மடத்துச் சகோதரிகள் வெளியே போவதில்லை. பார்க்க வருகிறவர்களிடம் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்துதான் பேசுவோம். செல்போன் கிடையாது. மடத்துத் தலைவியான தாயார் அனுமதித்தால் கடிதம் எழுதலாம். நான் உள்ளே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது.

அனாதை இல்லத்துக்குத் தலையணை தைப்பது என் வேலை. அதற்குள் அடைக்கத்தான் உங்கள் துணியைக் கேட்டு வாங்கினோம். போன வருடம் ஒருநாள் பள்ளிக்கூடக் கால்சட்டைத் துணி, சாம்பல் நிறம், ஒரு துண்டு கையில் வந்தது. கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. பார்த்தால் நம் திண்டுக்கல் மலையேதான். அதைத் தலையணைக்குள் திணிக்க மனம் வரவில்லை. கிழிந்துபோன படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்துத் தைத்தேன். பிறகு மலைக்குக் கீழே தெரு வேண்டும் என்று தோன்றியது. தெருவுக்கு வீடு. இப்போது விரிப்பு இரண்டாகிவிட்டது. ஊரில் பாதி வந்துவிட்டது.

கேட்க விரும்புவது இதுதான். மூன்று மாதமாக ஓர் ஊதாத் துணி நிறைய வருகிறது. கடுகு மஞ்சள் ஒன்று அடிக்கடி வருகிறது. யார் இவற்றை உடுத்துகிறார்கள்? ஊர் இப்போது எப்படி இருக்கிறது? நான் வைத்திருப்பது இரண்டாயிரமாம் ஆண்டின் திண்டுக்கல். தவறு இருந்தால் திருத்துங்கள்.

இப்படிக்கு,
சகோதரி ஆனந்தமேரி


பேகம்பூர்
20.10.2024

மரியாதைக்குரிய சிஸ்டர் அம்மாவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் இருக்கும். சவூதியில் இருந்த தம்பி செல்போன் வாங்கியதோடு நின்றுபோனது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

வெட்டுத்துணி என்று நான் வாரிப்போட்டதில் மலை இருந்திருக்கிறது என்று படித்ததும் அன்று கடை கூட்டும்போது கை தயங்கியது. கீழே கிடந்ததை எல்லாம் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கண் உங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

ஊதா ஒருவருடையது அல்ல. ஒரு நகைக்கடையில் வேலை பார்க்கும் முப்பத்திரண்டு பெண்களின் யூனிபார்ம். கடுகு மஞ்சள் தீபாவுடையது. இங்கே மகளிர் காவலர். "காக்கி போட்டுப் போட்டுச் சலிச்சுப் போச்சு பாய். லீவு நாளைக்குக் கண்ணைப் பறிக்கிற மாதிரி தைச்சுக் குடுங்க" என்பாள். பச்சைக் கட்டம் ஒரு பள்ளிக்கூடம்.

ஊர் மாறிவிட்டது. மேம்பாலங்கள் வந்துவிட்டன. பஸ் ஸ்டாண்டு முன்னால் குதிரை வண்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இப்போது ஷேர் ஆட்டோ. சினிமாக் கொட்டகைகளில் பாதி கல்யாண மண்டபம். எங்கள் தெருப்பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு வாடை முன்பு போல இல்லை. அதை நீங்கள் தைக்கவும் முடியாது.

மலைமேல் கோட்டைச் சுவரை எந்தத் துணியில் வைத்தீர்கள்? சட்டைக் காலருக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸ் மிச்சம் அனுப்புகிறேன். அது விறைப்பாக நிற்கும்.

அப்துல் ஜப்பார்


திண்டுக்கல்
25.11.2024

அன்புள்ள ஜப்பார் பாய் அவர்களுக்கு,

உங்கள் கேன்வாஸ் கோட்டைச் சுவராக நிற்கிறது. தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படுகிறது. மேம்பாலத்துக்கு ஒரு பழைய ஜிப்பை வளைத்து வைத்தேன். பற்கள் எல்லாம் வண்டிகள். பூ மார்க்கெட்டுக்கு ஓவர்லாக் மிஷின் கழித்துப்போட்ட நூலைச் சுருட்டிச் சுருட்டித் தைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு பெண்களையும் கடைவீதியில் ஊதாக் கோடாக நிறுத்திவிட்டேன். பொழுதுபோக்கு நேரத்தில் சகோதரிகள் வந்து பார்க்கிறார்கள். எண்பத்தொரு வயது சகோதரி லூர்துமேரிக்குக் காது மந்தம். ஒவ்வொரு வீடாகக் காட்டி "இது யார் துணி?" என்று சத்தமாகக் கேட்பார். நீங்கள் எழுதியதை வாசித்துச் சொல்வேன்.

இனி ஆத்தூர் அணை ஒன்றுதான் பாக்கி. நான் சித்தையன்கோட்டைக்காரி. அணை நிறைந்தது என்று கேள்விப்பட்டால் அப்பா களத்து வேலையை விட்டுவிட்டு எங்களைச் சைக்கிளில் கூட்டிப்போவார். அந்தத் தண்ணீரை வைக்காமல் இந்த ஊர் முடியாது. நீலம் வருகிறது, ஆனால் நீலம் எல்லாம் தண்ணீர் ஆகிவிடுவதில்லை. சட்டைத் துணி சட்டைத் துணியாகவே கிடக்கிறது. நல்ல நீலம் ஏதாவது விழுந்தால் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள்.

டிசம்பர் முதல் கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை.

ஆனந்தமேரி


பேகம்பூர்
9.1.2025

சிஸ்டர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

போன மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போயிருந்தேன். கடையில் இரண்டு மஞ்சள் பை இருந்தன. ஒன்று உங்களுடைய வெட்டுத்துணி. இன்னொன்றில் தீபாவின் சேலை. பக்கத்துக் கடைப் பழனிக்குமார் அய்யம்மாளிடம் "அந்தா இருக்கு, எடுத்துட்டுப் போங்கக்கா" என்று கைகாட்டியிருக்கிறான். அவர் இரண்டையும் எடுத்துவிட்டார். நான் வெட்டும் மேசை, பீரோ, மிஷின் அடி எல்லாம் தேடிவிட்டு ஐந்து நாள் கழித்து அவரிடம் கேட்டால், "நீலச் சேலையா? அதைச் சிஸ்டர் வெட்டிட்டாங்களே பாய்" என்கிறார்.

அது கடையில் வாங்கிய சேலை அல்ல. தீபாவின் அம்மா சரஸ்வதி சின்னாளபட்டிக்காரர். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டுகிறவர். மகள் கல்யாணத்துக்கென்று நாலு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் தன் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. பிப்ரவரி இரண்டாம் தேதி ரிசப்ஷனுக்கு அதைப் பாவாடையாகத் தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தார்கள்.

புதுச் சேலைக்கும் வெட்டுத்துணிக்கும் வித்தியாசம் தெரியாதவரா நீங்கள்? துணியில் ஊரையே பார்க்கிற கண்ணுக்கு இது தெரியவில்லையா? முப்பத்தைந்து வருடத்தில் ஒருவர் துணியை நான் தொலைத்ததில்லை. அந்தத் தாய்க்கு இப்போது என்ன பதில் சொல்வேன்?

ஜப்பார்


திண்டுக்கல்
11.1.2025

ஜப்பார் பாய் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தது.

பையைத் திறந்ததும் தெரிந்தது. முடிச்சு அவிழ்த்த சுருக்கம்கூட அதில் போகவில்லை. அய்யம்மாள் பக்கத்தில் நின்று, "சிஸ்டர், புதுச்சேலை மாதிரியில்ல இருக்கு. ஒரு எட்டு பாய்கிட்ட கேட்டுக்கிட்டு வரட்டுமா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். நீலம் கேட்டேன், ஒதுக்கி அனுப்பியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தே கேட்கவில்லை. அந்த வெள்ளைப் புள்ளிகள் வெயில் பட்ட தண்ணீர் மாதிரியே இருந்தன. அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

சேலையின் நடுவில், அணையின் வளைவுக்கு, என் இரண்டு கை விரித்த அகலத்துக்கு வெட்டினேன். பாதி தைத்தும் விட்டேன். நேற்று முழுவதும் உட்கார்ந்து ஒரு நூல் விடாமல் பிரித்துவிட்டேன். வெட்டியதும் மீதியும் அய்யம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். சில்லுத் துண்டுகளையும் பொறுக்கி வைத்திருக்கிறேன்.

தாயாரிடம் சொல்லிவிட்டேன். அய்யம்மாள்மேல் தவறு இல்லை, உங்கள்மேலும் இல்லை. அந்த அம்மாவிடம் என் பெயரைச் சொல்லுங்கள். வெட்டியது நான் என்று சொல்லுங்கள். தெரிந்தே வெட்டினேன் என்பதையும் சொல்லுங்கள்.

ஆனந்தமேரி


பேகம்பூர்
17.1.2025

சிஸ்டர் அவர்களுக்கு,

பொங்கல் முடியட்டும் என்று இருந்து, நேற்று சின்னாளபட்டிக்குப் போனேன். நீங்கள் எழுதியிருந்தபடி எதையும் மறைக்காமல் சொன்னேன்.

சரஸ்வதியம்மா சேலையைத் தரையில் விரித்தார். வெட்டுப்பட்ட ஓரத்தில் விரலை வைத்து முழு வளைவும் சுற்றி வந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"வெட்டு பிசிறில்லாம இருக்கு. எதுக்காக வெட்டுனாங்க?"

"ஆத்தூர் டேமுக்குத் தண்ணி வைக்கவாம்மா."

"துணியிலயா?"

"துணியிலதான். ஊரையே தைச்சிருக்காங்களாம். நானும் பாத்ததில்ல."

தீபா டூட்டி முடிந்து காக்கியோடு வந்து நின்றாள். கண் கலங்கித்தான் இருந்தது. "விடும்மா, கடையில வேற எடுத்துக்கலாம்" என்றாள்.

"நாலு மாசம் கட்டுனது நானு. விடுறதா வேண்டாமான்னு நாந்தான் சொல்லணும்" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் துணியை நான் பாக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை மடத்துக்கு வருகிறார். சேலையும் அவரிடம்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜப்பார்


திண்டுக்கல்
22.1.2025

ஜப்பார் பாய் அவர்களுக்கு,

அந்த அம்மா வந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு சகோதரிகள் ஆளுக்கொரு முனையாகத் துணியைத் தூக்கிப் பிடித்தார்கள். அணை இருந்த இடம் வெறும் விரிப்பாகக் கிடந்தது. நான் ஓரமாக நின்றேன்.

அந்த அம்மா முதலில் முன்பக்கத்தைப் பார்த்தார். "பக்கத்துல கொண்டாங்க" என்றார். கம்பிக்குள் கையை விட்டு, துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முன்பக்கம் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"பின்னாடியும் முன்னாடி மாதிரியே இருக்கு. எத்தனை வருசமா தைக்கிறீங்க?" என்றார். சொன்னேன். உடனே குரல் மாறிவிட்டது. "இம்புட்டு வேலை தெரிஞ்சவுக, ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒதுக்குன துணி நூறு தந்திருப்பேனே. எம்மக துணியில ஏன் கைய வச்சீக?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. பையிலிருந்து சேலையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அழுதா தேதி தள்ளியா போகும்? பதினாறு பட்டையா வெட்டுங்க. நீளம் பத்தாத எடத்துல, கீழ, இந்த ஊரை வச்சுத் தைங்க. எம்மக இந்த ஊர்லதான் டூட்டி பாக்கா. அவ ஊரு அவ பாவாடையில இருக்கட்டும். மேல இடுப்பு வச்சு பாய் முடிச்சுக்குவாரு."

விரிப்பில் இருக்கும் ஊரை வெட்டாமல், மிச்சத் துணியில் அதையே சிறியதாக மறுபடி தைக்கிறேன். தாயார் ஒன்பது நாளைக்கு என்னை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்திருக்கிறார். சகோதரிகள் ஊசி கோர்த்துக் கொடுக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி காலை அய்யம்மாள் கொண்டுவருவார். மணப்பெண்ணுக்கு ஒட்டுத்துணியா என்று நீங்கள் தயங்குவீர்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இல்லை.

ஆனந்தமேரி


பேகம்பூர்
4.2.2025

அன்புள்ள சிஸ்டர் அம்மாவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் எல்லாம் நல்லபடி முடிந்தது.

பொட்டலத்தைப் பிரித்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். யாரும் வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று. பதினாறு பட்டையையும் மேசையில் வரிசையாக வைத்தேன். மேலே நீலமும் புள்ளியும். கீழே ஒரு சாண் உயரத்துக்கு நம் ஊர், ஒரு பட்டையில் ஆரம்பித்து அடுத்ததில் தொடர்ந்து சுற்றி வருகிறது. கோட்டை மலை, மேம்பாலம், பூ மார்க்கெட், எங்கள் மசூதியின் மினாரா, மாதா கோயில், தென்னந்தோப்பு. மினாராவின் பிறை என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து நறுக்கிய பட்டியில் தென்னை ஓலை வரும் என்று எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லையே.

தொழில்காரனாகச் சொல்கிறேன். நீலமும் ஊரும் சேரும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியை மாற்றிப் போட்டேன். உங்கள் தையல்மேல் மிஷின் ஓட்டக் கூசியது. பட்டைகளை மட்டும் மிஷினில் சேர்த்துவிட்டு, கீழ் ஓரம் முழுவதையும் கையால் மடித்துத் தைத்தேன். கையால் ஓரம் தைத்துப் பத்து வருடம் இருக்கும். உங்கள் தையல் அளவுக்கு வரவில்லை. யாரும் உள்ளே திருப்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மண்டபத்தில் தீபா மேடையேறியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி கிட்டே போய்க் குனிந்து, "எந்தக் கடையில எடுத்தது இது?" என்றார். "கடையில கெடைக்காது சித்தி. எங்கம்மா கட்டுனது, ஒரு சிஸ்டர் தைச்சது" என்றாள் தீபா. என் பெயரும் சொன்னாள். பிறகு வரிசையில் நின்ற பெண்கள் போட்டோவை மறந்துவிட்டுப் பாவாடையைத்தான் பார்த்தார்கள். நகைக்கடைப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ஊதாவைக் கண்டுபிடித்து, "ஏய், இது நம்ம யூனிபார்ம்டி" என்று சிரித்த சிரிப்பு கடைசி வரிசைவரை கேட்டது. மாப்பிள்ளை முகேஷ்குமார் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, "உன் ஸ்டேஷன் எங்க இருக்கு? காட்டு" என்று தேடினார்.

ஜனவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கிழித்துவிடுங்கள்.

ஜப்பார்


திண்டுக்கல்
27.2.2025

அன்புள்ள ஜப்பார் பாய் அவர்களுக்கு,

அந்தப் பத்தியைக் கிழிக்க மாட்டேன். அது எனக்கு வேண்டும்.

அணை இருந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடலாம் என்று இருந்தேன். நேற்று தீபாவும் கணவரும் வந்து ஒரு கட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சரஸ்வதியம்மா அனுப்பியது. சாயம் சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிய சுங்குடித் துணி. ஓர் இடத்தில் நீலம் கறுத்துக் கிடக்கிறது. ஓர் இடத்தில் வெளுத்து, ஒரு மூலையில் சாம்பலாக வழிந்திருக்கிறது. முடிச்சு நழுவிய இடங்களில் புள்ளி இழுபட்டுக் கோடாகியிருக்கிறது. கூடவே ஒரு சீட்டு: "இதை யாரும் உடுத்த மாட்டாங்க. வெட்டுங்க."

பாய், அந்த முழுமையான சேலையில் கிடைக்காதது இதில் இருக்கிறது. ஆழம் எது, கரையோரம் எது என்று துணியே சொல்கிறது. நான் வெட்ட வேண்டியதுகூட அதிகம் இல்லை.

மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். அன்று பொதுமக்கள் வரும் பக்கத்தில், கோயில் சுவரில் இந்த ஊர் விரிப்பைத் தொங்கவிடத் தாயார் ஒப்புக்கொண்டுவிட்டார். நாங்கள் திரைக்கு உள்ளே இருப்போம். பார்க்கிறவர்களை நான் பார்க்க முடியாது.

அப்போது உங்களுக்கு நோன்பு. பெருநாள் தையல் குவிந்துகிடக்கும். எல்லாம் தெரிந்தும், இந்தமுறை வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். வந்து பார்த்து எனக்குச் சொல்வீர்களா? எங்களுக்கும் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை வெளியாட்களோடு பேசவோ, பதில் எழுதவோ மாட்டேன். உங்கள் கடிதத்தை வாசிக்கத் தடையில்லை.

ஆனந்தமேரி


பேகம்பூர்
20.3.2025

அன்புள்ள சிஸ்டர் அம்மாவுக்கு,

வந்தேன். தைக்க வேண்டிய முப்பது ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். அய்யம்மாள் பாயசம் நீட்டி, நோன்பு என்று நினைவு வந்ததும் அதைத் தானே குடித்துவிட்டார்.

முதலில் தூரத்தில் நின்று பார்த்தேன். மலை. பிறகு கிட்டே போனேன். மலை போய்விட்டது, நான் வெட்டிய பள்ளிக்கூடக் கால்சட்டைகள் தெரிந்தன. மறுபடி பின்னால் வந்தேன். மறுபடி மலை. நாலைந்து முறை இப்படிப் போய்வந்திருப்பேன். கூட்டம் நின்றுகொண்டே இருந்தது. ஒரு கிழவர் ஒவ்வொரு தெருவாக விரல் வைத்துத் தன் வீட்டுக்கு வழி தேடினார். கண்டுபிடித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பெண், "இது என் சுடிதார் துணிங்க, இந்தக் கிளிப்பச்சை" என்று முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொன்னாள். எல்லாமே என் கடைத் தரையில் கிடந்தவை. என் செருப்புக் கால் அவற்றின்மேல் நடந்திருக்கிறது.

சரஸ்வதியம்மாவும் வந்திருந்தார். என்னோடு அணைப் பக்கமாக நின்றார்.

கம்பித் தடுப்புத் திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நீங்கள்தான் என்று நினைத்தேன். உங்களோடு பேசக் கூடாது என்று தெரியும். அய்யம்மாளோடு பேசத் தடையில்லையே. அவரிடம் பேசுவது போலத் திரைப்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். ஊர் எப்படி இருக்கிறது, யார் யார் என்ன சொன்னார்கள், இப்படிக் கைவேலை என் காலத்தில் நான் பார்த்ததில்லை, எல்லாம் சொன்னேன். "ஏன் பாய் இப்படிக் கத்துறீங்க, எனக்கு நல்லாத்தான் காது கேக்குது" என்றார் அய்யம்மாள்.

உங்களுக்கும் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜப்பார்


திண்டுக்கல்
21.4.2025

அன்புள்ள ஜப்பார் பாய் அவர்களுக்கு,

உயிர்ப்புத் திருநாள் முடிந்தது. பெருநாள் தையலெல்லாம் நல்லபடி போனதா?

ஒரு மாதமாக இதை எழுதக் காத்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் இருமியது நான் அல்ல. அன்று சமையல் என் முறை. அடுப்படியில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். இருமியது சகோதரி லூர்துமேரி. நீங்கள் சத்தமாகப் பேசியதால் அவருக்கே பாதி கேட்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டின்போது பேசக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் மறுபடி சொன்னார். ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடிக்கொண்டே போனது. இப்போது அவர் கணக்குப்படி கோயிலுக்கு வந்தவர்கள் ஐயாயிரம் பேர்.

அதனால் ஒன்றை உங்களிடம் சரிபார்க்க வேண்டும். "தண்ணி அசையுது" என்று ஒருவர் சொன்னதாக அவர் சொல்கிறார். அதை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றாமல் சொல்கிறார். சொன்னது நீங்களா, அல்லது அதுவும் அவர் சேர்த்ததா? உள்ளதை எழுதுங்கள்.

ஆனந்தமேரி


(அஞ்சலட்டை)
பேகம்பூர்
25.4.2025

சிஸ்டர் அம்மாவுக்கு,

அன்று நான் கத்தியதில் அதுவும் வாய்தவறி வந்திருக்கிறது, பெரிய சிஸ்டருக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. முதலில் சொன்னது நான் அல்ல, சரஸ்வதியம்மா. யாரிடமும் சொல்லவில்லை. அணையைப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் நான் எழுதவில்லை.

ஜப்பார்